இன்னும் பெய்யாத பனிக்கு உப்பு

1.

இந்தக் கதை லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது. ஐப்பசி வெயிலில் ஒரு பெண் கல்லுப்பு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "ஊறுகாய்க்கோ அக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்லை, றோட்டுக்கு" என்றாள். நான் கேட்டது அவ்வளவுதான். மீதி முழுவதும் புனைவு.

2.

தெரு ஒரு வெள்ளைப் போர்வையை—

(இல்லை. பனி இன்னும் பெய்யவேயில்லை. மறுபடியும் தொடங்குகிறேன்.)

ஹரோவில் ஏற்றமான ஒரு முட்டுச்சந்தின் உச்சியில் தயாளினியின் வீடு. லண்டனுக்கு வருமுன் நோர்வேயின் வடகரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அங்கே முதல் பனிக்கு முன்பே வீட்டுக்காரர்கள் தெருவோரம் நீளக் கம்புகளை நட்டுவிடுவார்கள். பனியை வழித்துத் தள்ள வரும் வண்டிக்குப் பாதை எதுவென்று அவைதான் காட்டும். அவள் கனவுகளில் அந்த வண்டி இன்னும் வருகிறது. செம்மஞ்சள் விளக்கு சுழல, ஓசையே இல்லாமல், கடலின் மேலும் பாதை போட்டபடி.

இந்தத் தெருவுக்கு அது வராது.* அவள் கணவன் ஞானேஸ்வரனுக்குச் சிறுநீரகம் பழுது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். போன மாசியில் பனி கொட்டியபோது, இரு பக்கமும் நின்ற கார்களுக்கு நடுவே ஆஸ்பத்திரி வண்டியால் ஏற முடியவில்லை. மறுநாள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூச்சுவிடவே திணறினான்.

* பனியை இளக்க, கவுன்சில் வண்டிகள் பெரிய வீதிகளுக்குத்தான் முதலில் உப்புத் தூவும். இந்தத் தகவல் கதைக்குத் தேவையா தெரியவில்லை. தயாளினிக்குத் தேவைப்பட்டது.

அதனால் உப்பு மூட்டைகளை வாங்கி வாசலில் அடுக்கினாள். தோட்டக் கம்புகளில் சிவப்பு டேப் சுற்றித் தெருவோரம் நட்டாள். பிறகு வீடு வீடாகப் போனாள்.

3.

எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜீவரத்தினத்தைப் பிடித்தேன்.

"லண்டனில எங்க தங்கச்சி ஸ்னோ கொட்டுது?"

"கொட்டினால் எண்டுதான் கேக்கிறன் அண்ணை. எல்லாரும் காரை ஒரு பக்கமா விட்டால் ஒரு வண்டி ஏறலாம்."

"என்ர வான் கண்ணுக்கு முன்னால நிக்கவேணும். போன முறை உடைச்சு அவ்வளவு பைப் சாமானையும் களவெடுத்துக்கொண்டு போயிட்டாங்கள்."

(அவர் பிளம்பர் என்பது இந்த வரியில்தான் எனக்கே தெரிந்தது. அதற்குமேல் அவரை வில்லனாக்க மனம் வரவில்லை.)

4.

தை மாதத்து ஒரு காலையில் தெரு இல்லை. சிவப்புத் தலைக் கம்புகள் மட்டும் வெண்மையில் மிதந்தன. மற்றக் கார்களெல்லாம் ஒரே பக்கத்தில். வளைவில் ஜீவரத்தினத்தின் வான் மட்டும், நிற்கக்கூடாத பக்கத்தில். கீழே, ஏற முடியாமல், ஆஸ்பத்திரி வண்டி.

முடிவு ஒன்று: ஜீவரத்தினம் திரைச்சீலையை இழுத்து மூடுகிறார்.

முடிவு இரண்டு: கனவு வண்டி வருகிறது. எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஞானேஸ்வரன் அதில் ஏற மறுத்துவிட்டான்.

ஆகவே நடந்தது இதுதான். இடுப்பில் சாரமும் மேலே ஜாக்கெட்டுமாக ஜீவரத்தினம் வெளியே வந்தார். கீழே நின்ற வண்டியைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்த உப்பைக் கொண்டாங்கோ."

வானின் டயர்களுக்கு அடியில் கொட்டினார்கள். எதிர்வீட்டவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். கம்புகளைப் பார்த்துப் பார்த்து வானைப் பின்பக்கமாகவே இறக்கி மறுபக்கம் ஒதுக்கினார் ஜீவரத்தினம். ஆஸ்பத்திரி வண்டி உறுமிக்கொண்டு ஏறியது.

ஞானேஸ்வரன் ஏறும்போது தயாளினியின் கையைத் தொட்டான். "விறைச்சுப் போச்சு. போய்த் தேத்தண்ணி குடியும்."

கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் கலங்கி மறையும் வரை நின்றாள். பிறகுதான் அழுதாள்.

5.

பின்னேரம் அவனைத் திரும்பக் கொண்டுவருவார்கள். பனி மறுபடியும் தொடங்கிவிட்டது, மிக மெதுவாக, யாரையும் எழுப்ப விரும்பாததுபோல. அதற்குமேல் நான் எழுதவில்லை.

ஏனென்றால், வாசகரே, நீங்களும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறீர்கள். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். உங்கள் வாசலுக்கு நேரே ஓர் இடம் காலியாக இருக்கிறது, நிற்கக்கூடாத அந்தப் பக்கத்தில். காரைக் கீழே விட்டால் ஏறி நடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வண்டி இப்போதுதான் சந்தி திரும்புகிறது.