கோரையில் ஒரு முடிச்சு

ஏரியில் கோரை அறுக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அரிவாள் போகும் வழியில் கானாங்கோழி முட்டையிட்டிருந்தால், பார்த்தவர் பக்கத்தில் நாலு தாளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து ஒரு பாய் அகலம் விட்டு அறுப்பார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேசியவள் அருள்மேரி, அவளும் அங்கே கோரை அறுக்கிறவள்தான். மாடம்பாக்கம் காலனி லக்ஷ்மிநாராயணன், பாங்கு வேலையில் ஓய்வு பெற்றவர், ஞாயிறுதோறும் பட்டணத்து ஆட்களை வேனில் கூட்டிவந்து ஏரியும் கோயிலும் காட்டுவார். பறவை காட்டுவது அவள் வேலை. ஒருநாள் களைப்பில், சொல்ல வேறொன்றும் தோன்றாமல், முடிச்சைச் சொல்லிவிட்டாள். எல்லாரும் "அடடா" என்றார்கள். அந்த அடடா அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அடுத்த வாரமே அவர் அச்சடிக்கும் நோட்டீசில் ஏறிவிட்டது: முடிச்சைத் தேடுங்கள், கூட்டைக் காணுங்கள். வந்தவர்கள் பேண்ட்டை மடித்துக்கொண்டு தேடினார்கள். இரண்டு கூடுகளுக்குத் தாய்க்கோழி திரும்பவே இல்லை. தொட்டுப் பார்த்தபோது முட்டைகள் சில்லென்றிருந்தன.

"சார், அந்த முடிச்சு பேச்சை நோட்டீஸ்லேந்து எடுத்துடுங்க சார்."

"அதுக்காகவே நாளைக்கு இருபது பேர் வராங்கம்மா. இது உங்க ஹெரிடேஜ். நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே நிக்கும்?"

அருள்மேரி திரும்பி நடந்தாள்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இருந்த முடிச்சையெல்லாம் அவிழ்த்தாள். திங்களன்று அறுப்பு. அதற்குள் திரும்பப் போட்டுவிடலாம். பனைக்கு நேரே ஒன்று, மதகுக்கு இடப்பக்கம் இரண்டு என்று மனசில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கரையிலிருந்தே கண்ணை ஓட்டினார்கள். "கூடு எங்கேங்க?" என்றாள் காமிரா வைத்திருந்த ஒரு பெண்.

"இந்த வருசம் ஒண்ணுமில்லைங்க."

லக்ஷ்மிநாராயணன் அவளைப் பார்க்காமலே வேனில் ஏறினார்.

இரவு மழை அடித்து ஊற்றியது. திங்கள் விடியலில் அவள் இறங்கியபோது கோரை முழுக்கச் சாய்ந்து, எல்லாம் ஒரே மாதிரி கிடந்தது. பனைக்கு நேரே என்பது எத்தனையோ இடம். முப்பது வருஷமாக அவள் கூட்டைப் பார்த்ததெல்லாம் முடிச்சு வழியாகத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. ஒன்றுகூட அகப்படவில்லை.

அரிவாளோடு தனம் வந்தாள். பத்து வருஷமாகப் பக்கத்து வரிசையில் அறுப்பவள்.

"இன்னாக்கா, சிலையாட்டம் நின்னுகினு கீற?"

"முடிச்செல்லாம் நான்தான் தனம் அவுத்தேன். அவங்க பாத்துடக் கூடாதுன்னு. இப்ப எடம் தெரியல."

தனம் சாய்ந்து கிடந்த கோரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் கூடு காட்டுனவ. உனுக்கே தெரியலியா?" என்றாள். பிறகு அரிவாளை இடுப்பில் செருகினாள். "கைய வுட்டுத் தடவிப் பாத்துகினு அறுக்கலாம். லாரிக்குப் பாதி கட்டுதான் போவும். போவட்டும்."

இருவரும் குனிந்தார்கள். முதலில் கை, பிறகுதான் அரிவாள். வெயில் ஏறி, முதுகு கழன்றுவிடும் போலிருந்தது. உச்சி வேளையில் தனத்தின் கை சட்டென நின்றது. அவள் கரையைப் பார்த்தாள். அருள்மேரியையும் பார்த்தாள். முடிச்சுப் போடவில்லை. ஒரு பாய் அகலம் விட்டு, தள்ளிப்போய் அறுக்க ஆரம்பித்தாள்.

"கூடா தனம்?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் தனம், திரும்பாமல்.

அருள்மேரி அந்த ஒரு பாய் அகலத்தைச் சுற்றிக்கொண்டு தன் வரிசைக்குப் போனாள்.