எலிசபெத் கேட்ட கேள்வி

கம்பெனி பஸ்ஸில் பதினோரு இருக்கை காலியாகக் கிடந்தது. எலிசபெத் நின்றுகொண்டுதான் வந்தாள். லிங்கராஜபுரத்தில் ஏறியவள் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரைவர் கிருஷ்ணப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாக்கம்மா நிக்குறே, இவ்ளோ சீட்டு காலி இருக்கே, குத்கோம்மா" என்றார். "உக்காந்தா வாந்தி வருதுண்ணா" என்று வாயில் வந்த பொய்யைச் சொல்லிவைத்தாள்.

வேறு என்னத்தைச் சொல்வாள்? தொடை சேரும் இடத்தில் தோல் உரசி உரசிப் புண்ணாகி, ஒரு பக்கம் கொப்புளம் கிளம்பி உடைந்தும்விட்டது என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல முடியுமா? அம்மா உயிரோடு இருந்திருந்தால் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அது தெரியும். அந்த ஒருத்தி மூன்றாவது வரிசை ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோடி" என்று கண்ணாலேயே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள்தான் ஜெனிஃபர். ஒரே சபை, ஒரே பஸ், ஒரே கம்பெனி. இவள் கண்ணீரை அவள் துடைப்பாள், அவள் டிபன் பாக்ஸை இவள் காலி செய்வாள். ஏழு வருஷமாக அப்படி ஒரு சிநேகிதம்.

எல்லாம் சைக்கிளால் வந்த வினை. கம்பெனி ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் சைக்கிள் பயணம் உண்டு. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நான்கு பேர் போகலாம், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஒருத்தி ஜெனிஃபர்தான். இந்த வருஷம் பயணம் எங்கே என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் எலிசபெத் அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள். பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல், நூறு கிலோமீட்டர். அவளுடைய ஊர்!

லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு வீடு பிடிப்பதற்கு முன்னால் நான்கு வருஷம் அவள் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் தினம் வந்து போனவள். இருட்டோடு கிளம்பி, இருட்டோடு திரும்பி, போகவர நின்றுகொண்டே. அந்தத் தூரத்தைத் தன் சொந்தக் காலால் மிதித்து ஊருக்குள் நுழைய வேண்டும், அதை டாடி பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். டாடி என்றால் சாமுவேல், சுரங்கம் மூடுகிறவரைக்கும் வேலை பார்த்தவர், அங்கேயே சாம்பியன் ரீஃப் பகுதியில் தனியாக இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "மால வாங்கிக்கினு நம்ம ராபர்ட்சன்பேட்டையில நிப்பேம்மா" என்றார்.

"நீ போடி இந்த வாட்டி, உன் ஊராச்சே. நானே உன்னைத் தயார் பண்றேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது ஜெனிஃபர்தான். சொன்னபடி செய்தாள். சைக்கிள் வாங்க இவளோடு அலைந்தாள். விடியற்காலையில் அவளே வந்து கதவைத் தட்டி எழுப்பினாள். கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தாள். தொடையை ஒட்டிப் பிடிக்கிற, அடியில் பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த சைக்கிள் டிரவுசர் ஒன்றையும் அவள்தான் வரவழைத்துக் கொடுத்தாள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் பாத்ரூமில் வேறு யாரும் இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டு எலிசபெத் கேட்டாள். "ஏய், இதுக்குள்ள ஜட்டி போடணுமா, வேணாவாடி?"

ஜெனிஃபர் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "போடாம எப்படிடி வருவ? அசிங்கமா இருக்கும். நல்ல காட்டனா போட்டுக்கோ."

அப்பாடா என்றிருந்தது எலிசபெத்துக்கு. போட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தூக்கமே வந்திருக்காது. நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே சொல்லி வளர்க்கிற முதல் ஒழுக்கமே அதுதானே.

மூன்றாவது வாரத்திலேயே எரிச்சல் ஆரம்பித்தது. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜெனிஃபரிடம் சொன்னபோது, "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான். தோல் மரத்துப் போயிடும்" என்று வேர்க்குரு பவுடர் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். புண்ணில் அந்தப் பவுடர் பட்டதும் எலிசபெத் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாளும் போட்டுக்கொண்டாள். சிநேகிதி அக்கறையாகக் கொடுத்த மருந்தாயிற்றே!

இவ்வளவு வலியிலும் ஒன்று மட்டும் நடந்தது. அவள் வேகம் கூடியது. ஹெண்ணூர் ரோடு ஏற்றத்தில் ஒரு நாள் ஜெனிஃபரைத் தாண்டிப் போய், மேலே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே அவளுக்காகக் காத்திருந்தாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஜெனிஃபர், "பரவால்லையே, பெரிய ஆளாயிட்ட" என்று சிரித்தாள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் தேர்வு வைத்தார்கள். அணித் தலைவர் ஹரிஷ்குமார் கறாரான மனிதர். டின் பாக்டரி பஸ் ஸ்டாப்பிலிருந்து நரசாபுரம் போய்த் திரும்ப வேண்டும், கூட்டத்தோடு வந்து சேருகிறவருக்கே இடம் என்று சொல்லிவிட்டார். "துணைக்கு நானும் வர்றேன்" என்று ஜெனிஃபரும் கிளம்பினாள். ஹொசக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் எலிசபெத்தான் முன்னால் போனாள். அதன் பிறகு சீட்டில் உட்காரவே முடியவில்லை. எழுந்து நின்று மிதித்தாள். கால் சோர்ந்து உட்கார்ந்தால் உயிர் போனது. கொப்புளம் உடைந்து டிரவுசர் நனைவது தெரிந்ததும், ஒரு இளநீர்க் கடை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெனிஃபர் இறங்கி வந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். "நீ வீட்டுக்குப் போ லிஸி. ஹரிஷ்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி மிதித்துப் போனாள். எலிசபெத் தன் சைக்கிளோடு ஒரு சரக்கு ஆட்டோவில் நின்றபடி வீடு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் அணிப் பட்டியல் வந்தது. பெண் இடத்தில் ஜெனிஃபரின் பெயர் இருந்தது. "உனக்காகத்தான்டி போறேன், நம்ம இடத்தை வேற பிரிவுக்காரங்க தூக்கிக்கக் கூடாதில்ல" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். எலிசபெத் அதையும் நம்பினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போனது அதற்கு மறுநாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட, வேறு வழியில்லாமல் காக்ஸ் டவுனில் டாக்டர் யசோதாவின் கிளினிக்குக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சைக்கிளா? உள்ள ஜட்டி போட்டியா?"

எலிசபெத் தலையாட்டினாள்.

"அய்யோ ராமா! அந்த டிரவுசரை வெறும் தோல் மேலதான் போடணும். ஜட்டி தையல் இருக்கே, அது ரம்பம் மாதிரி அறுக்கும். காட்டன் வேற, வேர்வைய உறிஞ்சி ஈரமாவே வெச்சுக்கும். போறப்போ உரசுற எடத்துல க்ரீம் தடவணும். வீட்டுக்கு வந்த ஒடனே டிரவுசரைக் கழட்டித் தொவைக்கணும். சீட்டு ஒசரமா இருந்தாலும் இடுப்பு ஆடி ஆடி இப்படித்தான் ஆகும், அதையும் செக் பண்ணு. பவுடர் வேற போட்டியா? புண்ணுல பவுடரா? யாரம்மா உனக்கு ஹேளித்து, யார் சொன்னாங்க இதெல்லாம்?"

"என் ஃப்ரெண்டு டாக்டர். பாவம், அவளுக்கும் தெரியாது" என்றாள் எலிசபெத். இளம்சூட்டுத் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, களிம்பை மெல்லிசாகப் பூசிவிட்டு, தொளதொளவென்று பாவாடை கட்டிக்கொண்டு காற்றாட விடு, மூன்று வாரம் சைக்கிள் பக்கமே போகாதே என்று சொல்லி, காய்ச்சலுக்கும் சீழுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார் டாக்டரம்மா.

மாத்திரை முடிந்து புண் ஆறத் தொடங்கிய பிறகு இவளுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. நூறு கிலோமீட்டர் போகப் போகிறாளே, ஜெனிக்கும் இதே கதி ஆனால்? போனில் பேசுகிற விஷயமா இது? பயணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், மருந்துக் கடையில் விசாரித்து ஒரு க்ரீம் வாங்கிக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருக்கும் ஜெனிஃபர் வீட்டுக்குப் போனாள்.

ஜெனிஃபர் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ரோஸி ஆன்ட்டி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எலிசபெத் தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்தி, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "உள்ள ஒண்ணும் போடாமப் போகச் சொல்லுங்க ஆன்ட்டி, இல்லேன்னா என்னை மாதிரி கஷ்டப்படுவா."

ரோஸி ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாடி லிஸி, அவளுக்கா சொல்ற? மூணு வருஷமா ஒண்ணும் போடாமத்தான் போறா அந்தக் கழுதை! நான் திட்டாத திட்டா? கர்த்தருக்கே அடுக்காதுடின்னு கத்துனேன். 'மம்மி உனக்குத் தெரியாது, போட்டா அறுத்துப் புண்ணாயிடும்'னு எனக்குப் பாடம் எடுக்குறா. தோ பாரு, இத வேற பூசிக்குறா."

மடித்து வைத்திருந்த டிரவுசருக்குப் பக்கத்தில் ஒரு க்ரீம் டப்பா இருந்தது. எலிசபெத் அதைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் காலியாகி, விரலால் வழித்த தடம் அப்படியே இருந்தது. கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஜெனிஃபர் எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்சம் நேரம் ஞாபகத்துக்கு வந்தது. பவுடர் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. இளநீர்க் கடை ஓரத்தில் கட்டிக்கொண்டு அழுதது ஞாபகத்துக்கு வந்தபோதுதான் டப்பாவை இறுக்கி மூடினாள். வலியைக்கூட மன்னித்துவிடலாம். அந்த அழுகையை எப்படி மன்னிப்பது?

வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஜெனிஃபர் வந்தாள். எலிசபெத்தின் கையில் டப்பாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி?" என்றாள் எலிசபெத்.

"லிஸி, நான்... மொதல்ல சும்மாதான் சொன்னேன். நீயா கண்டுபுடிச்சுக்குவேன்னு நெனச்சேன்." ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே பேசினாள். "நாலே மாசத்துல என்னைத் தாண்டிப் போயிட்ட. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானேடி."

எலிசபெத் வாங்கிவந்த க்ரீமை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தாள். டாடியிடம், உடம்பு சரியில்லை, வர முடியாது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். எந்த இடம் என்று சொல்லவில்லை.

மறுநாள் சபையில் கடைசி பெஞ்சில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து எல்லோரும் வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாடி.

"இன்னாம்மா, எப்டி கீது உடம்பு? உன் ஃப்ரெண்டு வந்து சேந்துட்டாம்மா! உனுக்குன்னு ஆர்டர் சொல்லிவெச்ச மாலைய அந்தப் பொண்ணு கழுத்துல போட்டேன். அய்ய, ஒரே அழுவ. 'நான் எவ்ளோ சொன்னேன் அங்கிள், லிஸி கேக்கல'ன்னு சொல்லுது. ஏம்மா, நல்லது சொல்றவங்க பேச்சக் கேக்கலாமில்ல?"

"டாடி, அவ பக்கத்துல இருக்காளா? போன ஸ்பீக்கர்ல போடுங்க."

"போட்டுட்டேம்மா. இங்க எல்லாருமே கீறாங்க, உங்க கேப்டன் சார்கூட."

எலிசபெத் குரலைத் தாழ்த்தவில்லை. பாடகர் குழுவும் பாஸ்டரம்மாவும் திரும்பிப் பார்க்கிற மாதிரியே கேட்டாள். "ஜெனி, இப்போ உள்ள ஜட்டி போட்டிருக்கியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"இதே கேள்விய நான் உன்கிட்ட கேட்டேன். நீ என்ன சொன்னேன்னு எங்க டாடிகிட்ட சொல்லு."

"லிஸி, ப்ளீஸ்டி, எல்லாரும் இருக்காங்க..."

"சொல்லு."

யாரோ நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. ஹரிஷ்குமார் "ஜெனிஃபர்?" என்று கூப்பிட்டார். பிறகு டாடியின் குரல், ஒன்றும் புரியாமல்.

"இன்னாம்மா ஆச்சு? அந்தப் பொண்ணு மாலையக் கழட்டி என் கையில குடுத்துட்டு அந்தாண்ட போய் நின்னுக்குது."

"வீட்டுக்கு எடுத்துக்கினு போங்க டாடி. நான் அடுத்த மாசம் வர்றேன், சைக்கிள்லயே."

"அதுக்குள்ள வாடிடுமேம்மா."

"வாடட்டும் டாடி" என்றாள் எலிசபெத். "அதையே போடுங்க."