ராக்கன் கழற்றிய என்ஜினும் ஐரோப்பிய விதிகளும்

"09.09.2025, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஒருவரை அழைக்க வேண்டிய இடத்தில் இருவரை அழைத்துவிட்டேன். திருத்தும் வழி: தெரியவில்லை."

எழுதி முடித்த ஆஃப்ரீன், 'சின்ன' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். அதை அடித்தால் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அடிக்காவிட்டால் பொய் எழுதியதாகிவிடுமோ? கடைசியில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு நோட்டை மூடினாள்.

பகலில் அவளுக்குக் கட்டுமாவடி ஐஸ் கம்பெனியில் வேலை. மாலையில் பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போவாள். அங்கே ஒரு செல்போன் கடையின் மாடியில் விமானப் பராமரிப்புப் பதிவேட்டு வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்பில் ஒருவர்கூட விமானத்தைத் தொட்டதில்லை. ஆனால் விமானத்தில் ஒரு திருகாணியை மாற்றினால் எத்தனை தாளில் எழுத வேண்டும் என்பது இருபத்திரண்டு பேருக்கும் மனப்பாடம்.

வியாழக்கிழமை இறுதித் தேர்வு. முதல் நான்கு பேருக்குத் திருச்சியில் நேர்காணல். போன முறை ஆஃப்ரீன் ஐந்தாவதாக வந்தாள். சரியாக எழுதியிருந்த இரண்டு பதில்களைச் சந்தேகப்பட்டு அடித்துவிட்டுத் தப்பாக எழுதிவைத்த புண்ணியம் அது. அதனால்தான் அதே வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் முறை கிடையாது; இந்தத் தடவையோடு வகுப்பை மூடப்போவதாக அதை நடத்தும் ஹரிணி மேடம் சொல்லிவிட்டார்.

இம்முறை எழுத்துத் தேர்வு கிடையாது; புதுத் தேர்வு முறையும் அவர் ஏற்பாடுதான். ஆளுக்கொரு தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். விமானம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரை ஊரிலிருந்து அழைத்து வர வேண்டும். அவருக்குத் தலைப்பை முன்பே விளக்கியிருக்க வேண்டும். தேர்வாளர் மூன்று கேள்விகளை அவரிடம்தான் கேட்பார்.

"ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கான்னு கேக்கல. நீங்க சொன்னா அடுத்தவங்களுக்குப் புரியுதான்னு பாக்கணும்" என்றார் ஹரிணி.

வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் அரவிந்த்குமாருக்கு வந்த சீட்டு, டயர் தேய்மானம். ஆஃப்ரீன் சீட்டைப் பிரித்தாள்: 'ஐரோப்பிய நாடுகளின் ராணுவ விமானங்களுக்கான பறக்கும் தகுதி விதிகளை ஒன்றுபடுத்துதல்.'

அரவிந்த்குமார் எட்டிப் பார்த்தான். "எங்கப்பா பஞ்சர் கடை. வாயத் தொறந்தாப் போதும். நீ யாரக் கூட்டியாரப் போற, ஜெர்மன்காரனவா?"

அவள் கூட்டி வர நினைத்தது தாய்மாமன் ஹாஜா முகைதீனை. படகுக்காரர், என்ஜின் விவகாரம் தெரிந்தவர். செவ்வாய்க்கிழமை காலையில் கரைக்குப் போனபோது மாமா வலையின் ஒரு முனையில் உட்கார்ந்து கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் ராக்கன். ஆளுக்கொரு படகு வைத்திருக்கிற இருவருக்கும் பொதுவாக ஒரு என்ஜின் உண்டு. இருபது வருடமாக வாரம் மாறி வாரம் கை மாறும்; என்ஜின் இல்லாத வாரம் பாய்மரம்தான். மாறும்போதெல்லாம் வாங்குகிறவர் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்ப்பார். கடலில் ஓடிய நேரத்தைவிடக் கரையில் பிரித்துப் போட்டிருந்த நேரமே அந்த என்ஜினுக்கு அதிகம் என்று ஊரில் பேச்சு.

"மாமா, வியாழக்கெழம சாயங்காலம் நீங்க அறந்தாங்கிக்கு வரணும். எனக்குப் பரீட்ச" என்றாள்.

ராக்கன் தலையை நிமிர்த்தவில்லை. போட்ட முடிச்சையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரை மட்டும் அழைப்பது அந்தக் கரையில் கேள்விப்படாத காரியம். காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில், அங்கே வந்து தங்கியிருக்கிற வெளியூர் விருந்தாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். ஆஃப்ரீனின் புத்தி தடுக்குமுன் நாக்கு முந்திக்கொண்டது.

"சித்தப்பா, நீங்களும் வந்துருங்க."

"அதுக்கென்ன தாயி. வெள்ள வேட்டியத் தொவச்சுப் போட்டுர்றேன்" என்றார் ராக்கன்.

புதன் காலை ஏழு மணிக்கு முதலில் மாமாவுக்குப் பாடம். ராக்கன் கடலுக்குப் போயிருந்தார்.

"ஒரே மாதிரி விமானத்தப் பல நாட்டு ராணுவம் வச்சிருக்கு மாமா. பயணிகள் விமானத்தோட சட்டம் அதுக்குச் செல்லாது. அந்தந்த ராணுவமே சரிபாத்துக்கும். ஒரு நாடு பாத்துட்டுச் சரின்னு கையெழுத்துப் போட்டத அடுத்த நாடு ஏத்துக்காது. மறுபடியும் முதல்லேர்ந்து பாக்கும்."

"சரியாத்தான செய்றாங்க."

"நேரம் வீணாப் போகுதுல்ல?"

"ராக்கன் பாத்துட்டேங்கிறான்னு நான் அப்படியே எடுத்துட்டுப் போறேன்னு வையி. நடுக்கடல்ல நின்னுபோனா அவன் கையெழுத்தா வந்து தள்ளும்?"

ஆஃப்ரீன் நோட்டைப் பார்த்து மேலே சொன்னாள். இரண்டாயிரத்து எட்டு முதல் அந்த நாடுகளின் ராணுவ விமான அதிகாரிகள் ஒரு மன்றமாகக் கூடினார்கள். விமானத்தை யார் வடிவமைக்கலாம், யார் பழுது பார்க்கலாம், பழுது பார்ப்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் பொது விதிகள் எழுதினார்கள்.

"எழுதிப்புட்டா எல்லா நாடும் கேட்டுத்தான் ஆகணுமா?"

"ஆமா மாமா. கட்டாயம்."

மத்தியானம் ஐஸ் கம்பெனியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி வகுப்புக் குறிப்பைப் புரட்டியவளுக்குக் கை அப்படியே நின்றது. கட்டாயம் இல்லை. பொது விதி சட்டம் அல்ல. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்தில் தானே எழுதிக்கொண்டால்தான் அங்கே செல்லும். எழுதும்போது கொஞ்சம் மாற்றியும் எழுதிக்கொள்வார்கள். கரைக்கு ஓடினாள். மாமாவின் படகு கிளம்பிப் போயிருந்தது. மறுநாள் மத்தியானம்தான் வரும்.

நான்கு மணிக்கு ராக்கன் கரையேறினார். அவருக்குச் சரியாகவே சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ராக்கன், "கட்டாயம் இல்ல, அவுக அவுக வீட்டுச் சட்டத்துல எழுதிக்கணும்" என்று பிசகாமல் சொன்னார்.

அன்றிரவு நோட்டில், "முதல் வேலை: மாமாவிடம் திருத்தம் சொல்ல வேண்டும். இடம்: பஸ்" என்று எழுதி அடிக்கோடு இட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த மறுநிமிடமே மாமா குறட்டை விட்டார். கடலில் இரவெல்லாம் கண் விழித்தவர். இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் இருக்கக் கையை அகட்டி வைத்துக்கொண்டு தூங்கினார். எழுப்ப ஆஃப்ரீனுக்கு மனம் வரவில்லை. மாடிப்படியில் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். படியேறும்போதே மேலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வாளர் பெலிக்ஸ் சென்னையிலிருந்து வந்திருந்தார். இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒருத்தரத்தான வரச் சொன்னது?"

"ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருந்தாங்க சார்" என்றாள் ஆஃப்ரீன். அறந்தாங்கிக்காரியான ஹரிணிக்கு அது புரிந்தது. பெலிக்ஸுக்குப் புரியவில்லை. இருந்தாலும், "சரி, ரெண்டு பேரும் பேசட்டும். கடைசியில ஒங்க ஆள் யாருன்னு நீங்க சொல்லணும். அவர் பதிலுக்குத்தான் மார்க்" என்றார்.

முதல் கேள்வி: "ஒரு நாடு சரிபார்த்த விமானத்த இன்னொரு நாடு ஏன் திரும்பப் பாக்குது?"

"நம்பிக்க இல்லாமத்தான்" என்றார் ராக்கன்.

"நம்பிக்கையெல்லாம் இருக்கு சார்" என்றார் மாமா. "ஆனா இவன் கழட்டி மாட்டுனா ஒரு வாசர் மிச்சமா நிக்கும்."

"அது ஒரு தடவ பாய். பன்னெண்டு வருசம் ஆச்சு."

"வாசரு எங்கிட்ட இருக்கு."

பெலிக்ஸ் எழுதிக்கொண்டார். பொது விதியால் என்ன லாபம் என்று அடுத்துக் கேட்டார். "யாரு பாத்தாலும் ஒரே மாதிரி பாப்பாக. அப்ப ஒருத்தரு பாத்தத அடுத்தவரு ஏத்துக்கிறது லேசு" என்று ராக்கன் சொல்ல, மாமாவும் வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். ஆஃப்ரீனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு மூன்றாம் கேள்வியில் போனது.

"இந்த விதிகள் கட்டாயமா?"

"கட்டாயம்" என்றார் மாமா.

"இல்ல" என்றார் ராக்கன்.

"இந்தப் புள்ளயே எங்கிட்டச் சொல்லுச்சு. நேத்துக் காலைல ஏழு மணிக்கு."

"பாப்பா எங்கிட்டயும்தான் சொல்லுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு."

"அப்ப எங்கிட்டதான மொதல்ல சொல்லிருக்கு?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆஃப்ரீன் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், காலைல மாமாகிட்ட நான் தப்பாச் சொல்லிட்டேன். மத்தியானம் கண்டுபிடிச்சேன். சித்தப்பாகிட்டச் சரியாச் சொன்னேன். மாமாகிட்டத் திருத்தம் சொல்ல முடியல."

"நாடுகளை ஒண்ணுபடுத்துற தலைப்புல ரெண்டு பேருக்கு ரெண்டு விதி குடுத்திருக்கீங்க." பெலிக்ஸ் பேனாவைத் திறந்தார். "சரி. ஒங்க ஆள் யாரு?"

ராக்கன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றுக்கு மூன்று. ஆஃப்ரீன் மாமாவைப் பார்த்தாள். அவர் தன் பெயர்தான் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் நடுவே, கடலிலிருந்து திரும்பிய களைப்போடு வந்தவரை, நீங்கள் வேண்டாம் என்பதா?

"ரெண்டு பேரையும் அழைச்சது நான்தான் சார். வந்தவங்கள்ல ஒருத்தர இருக்கச் சொல்லி ஒருத்தர எந்திரிக்கச் சொல்ல எனக்கு வராது. தப்பு என்னோடது. மார்க்கக் கொறச்சுக்கங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது இடம் பழகிய இடம்தான் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனது கேட்கவில்லை.

"இருங்க சார்" என்றார் மாமா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ள பிந்திச் சொன்னதுதான் திருந்தச் சொன்னது. ராக்கன் சொன்ன பதிலையே எம் பதிலாவும் எழுதிக்கங்க."

"அவர் சொன்னது சரியான்னு நீங்க விசாரிக்கலியே?"

"விசாரிக்க வேணாம். அவன் பாத்ததா இருக்கட்டும். ஏத்துக்கிறேன்."

ராக்கன் மாமாவை வாய் பிளந்து பார்த்தார். அவர் பார்த்ததை மாமா அப்படியே ஏற்றது இருபது வருடத்தில் இதுதான் முதல் முறை.

"பாய், அப்ப வர்ற சனிக்கெழம என்ஜின..."

"என்ஜினு வேற. அது எங்க வீட்டுச் சட்டம். கழட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்."

பெலிக்ஸ் சிரிப்பை அடக்கக் குனிந்து வெகுநேரம் எழுதினார். "மூணாவது கேள்விக்கு இவ்வளவு சரியான பதில இப்பத்தான் கேக்குறேன்" என்று ஹரிணியிடம் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது.

ஏழு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். அரவிந்த்குமார் இரண்டாவது. அவன் அப்பா தேர்வாளரிடமே விமான டயருக்குப் பஞ்சர் போடுவது எப்படி என்று திருப்பிக் கேட்டாராம். நான்காவது ஆஃப்ரீன்; பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே ஹரிணியின் கையெழுத்தில் குறிப்பு: 'தவறான விளக்கமும் திருத்தமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். திருத்தம் தெரிவிக்கப்பட்டது என்று கேட்டவர்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.'

பஸ்ஸில் மாமாவும் ராக்கனும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, வாசர் எந்த இடத்து வாசர் என்று மணமேல்குடி வரை பேசிக்கொண்டு வந்தார்கள். ஆஃப்ரீன் பின்சீட்டில் நோட்டை மடியில் விரித்தாள். பஸ் ஆடிய ஆட்டத்தில் எழுத்து கோணியது.

"11.09.2025, வியாழன். நான்காவது இடம், நிபந்தனையுடன். நாளை காலை ஆறு மணிக்குக் கரைக்குப் போக வேண்டும். திருத்திய பக்கத்தை மாமாவுக்கும் ராக்கன் சித்தப்பாவுக்கும் ஒரே நேரத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து, ஐந்து மணிக்குள் ஹரிணி மேடத்திடம் கொடுக்க வேண்டும்."