கப்பல் கதையும் பாய்லரும்

எங்கள் மேனேஜர் மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. தலைவன் பேசினால் கேட்பவர் மனதில் நிற்க வேண்டுமாம். அதனால் இப்போது எதைக் கேட்டாலும் கதைதான். கழிப்பறைக்குச் சாவி கேட்டதற்கு ஒரு ராஜா கதை சொன்னார்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவை ஆலை எங்களுடையது. மாடியில் இஸ்திரிப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். கீழே பாய்லரைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர்.

காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து போன்.

"தண்ணி ஏத்துற மோட்டார் நின்னுபோச்சு. பாய்லர்ல தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு. நெருப்பை அணைக்கட்டுமான்னு மேனேஜர்கிட்ட கேளு."

தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடிக்கும். போன மாதம் இதே மாதிரி ஆனபோது என் வீட்டுக்காரர் தானாகவே அணைத்தார். பாராட்டு வரவில்லை, மெமோ வந்தது. இனி உத்தரவில்லாமல் கை வைத்தால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. அதனால்தான் மனுஷன் அங்கேயே நிற்கிறார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். மேனேஜர் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நடுக்கடல்ல ஒரு கப்பல். அடியில ஓட்டை..."

"சார், அணைக்கிறதா வேண்டாமா?"

"மத்தியானத்துக்குள்ள அறுநூறு விரிப்பு போகணும்மா. நாலையும் யோசிக்கணும். அந்தக் கேப்டன் என்ன பண்ணியிருப்பான்?"

"குதிச்சிருப்பானா சார்?" என்றார் ஸ்டோர்காரர்.

"பாத்தீங்களா, சிந்திக்கிறாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேஜையில் மறுபடியும் போன் அடித்தது. நானே எடுத்தேன்.

"மட்டம் காட்டுற கண்ணாடியில தண்ணியே தெரியல. என்ன சொன்னாரு?"

"கப்பல் கதை சொல்றாரு. நீங்க அணைங்க."

"யார் உத்தரவுன்னு நோட்டுல எழுதணுமே?"

"என் பேரை எழுதித் தொலைங்க! அணைச்சிட்டு வெளிய வாங்க!"

கொஞ்ச நேரத்தில் ஆலை முழுக்க ஆவிச் சத்தம் அடங்கியது.

மேனேஜர் எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு இப்படி ஒரு முடிவு எடுத்தீங்க? உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கீழ உங்க வீட்டு ஆள் நின்னிருந்தா, இப்படிக் கதை சொல்லிட்டு இருப்பீங்களா?"

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். பயிற்சிக்குப் போய்வந்த பிறகு முதல்முறையாக அவரிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

"மாட்டேன்."