காலை எடுங்கோ

கராஜில் கணவர் எஞ்சினை மறுபடியும் சுழலவிடும் சத்தம் கேட்டது. குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த கமலினி கையை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். கறகறவென்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு களைத்துப்போய் நின்றது. பற்றவில்லை. அவள் மெல்ல மூக்கால் இழுத்துப் பார்த்தாள். தேங்காய்ப்பூ மணந்தது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் வெட்டிப்போட்ட புல் மணந்தது. பெட்ரோல் மணக்கவில்லை. மணக்கக்கூடாது என்பதற்காகத்தானே மனிசன் இவ்வளவு பாடும் படுகிறார். ஆனால் மணமும் இல்லை, காரும் இல்லை என்று வந்து முடியும் என்று யார் கண்டது?

ட்ருகனினா என்ற அந்தப் புறநகரில் அவர்கள் இருக்கும் தெருவில் எல்லா வீடுகளுக்கும் ஒரே முகம். அதே சாம்பல் கூரை, அதே கறுத்தக் கராஜ் கதவு, வாசலில் அதே ஒல்லி மரக்கன்று. வழி கேட்பவர்களுக்குக் கமலினி இலக்கம் சொல்வதில்லை; "செம்மஞ்சள் கார் நிக்கும்" என்றுதான் சொல்வாள். எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த, எட்டு சிலிண்டர் ஃபால்கன். முன்பக்கம் மட்டும் ஒரு சாப்பாட்டு மேசை நீளம் வரும். வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் கணவர் கேதீஸ்வரன் அதைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, வருடக்கணக்காகத் தட்டி, தேய்த்து, பூசி, ஆளாக்கிவிட்டார். அது தெருமுனையில் திரும்பும்போதே குசினி அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கமலினிக்குப் பிடிக்கும். இதை அவள் அவரிடம் சொன்னதேயில்லை. சொன்னால் பிறகு மனிசனைக் கையில் பிடிக்க முடியாது.

பிடிக்காதது மணம். பழைய கார்களில் கார்புரேட்டர் என்று ஒன்று இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கண்மதிப்பில் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். கண்மதிப்பில் சமைக்கிற எல்லாருக்கும் கை நிதானமாக இருப்பதில்லை. உள்ளே ஏறி இருந்தால் உடுப்பில், தலைமயிரில், நாக்கில்கூடப் பெட்ரோல். முதல்தடவை ஏறிய நாளில், பக்கத்திலிருக்கும் வெரிபீ போய்ச் சேர்வதற்கிடையில் அவள் இறங்கித் தெருவோரம் குந்தியிருந்து சத்தியெடுத்தாள். அதற்குப் பிறகு ஏறவில்லை. அவர் தனியே போவார், தனியே வருவார். அவள் இருக்கவேண்டிய சீற்றில் அவருடைய சாப்பாட்டுப் பை இருந்து போய்வரும்.

அவர்களுடைய கலியாணம் நடந்தது யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலத்தில். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் தானாகப் பற்றாது. ஊசிமருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெட்ரோலில் சில துளிகளை ஒருவர் கார்புரேட்டருக்குள் விட, இன்னொருவர் பெடலைத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பவேண்டும். கோயிலடியில் பொம்பிளை மாப்பிள்ளையின் கார் நின்றுவிட்டது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு முன்சீற்றுக்குத் தாவி, பெடலை உயிர்போகிற மாதிரி மிதித்துக்கொண்டு, "விடு, விடு!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். கூறைச்சேலையோடு பின்னால் இருந்தவளுக்குச் சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்தன. அவள் மூக்கைப் பொத்தியபடி சிரிக்கிற படம் ஒன்று கலியாண அல்பத்தில் இன்னமும் இருக்கிறது. அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தபோது, அதே வீதியில், அதே புகைக்குள், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். அந்த மணத்துக்குள் இரண்டு நாள்களும் இருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்க அவளுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் புருஷனிடம் எப்படி விளங்கப்படுத்துவது? அதனால் ஒருநாள் பேச்சுவாக்கில், "இந்த மணம் போகட்டும், நான் ஏறுறன்," என்று சொல்லிவைத்தாள்.

போகாது என்ற தைரியத்தில்தான் சொன்னாள். அவரோ அதைப் பிடித்துக்கொண்டார். மகள் வினுஷா சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கிறாள். அவளிடம் பறந்துபோய்ப் பறந்துவருவதை விட்டு, கடற்கரைப் பாதையால் இரண்டு பேருமாக அந்தக் காரில் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் போட்டால், கணினிப் பெட்டி ஒன்று அளந்து அளந்து பெட்ரோலைப் பீச்சும், மணக்காது என்று கேள்விப்பட்டார். அதைச் செய்து தரும் கடைக்காரன் சொன்ன விலைக்கு இன்னொரு காரே வாங்கலாம். விடுவாரா? அடிபட்ட கார்களைக் குவித்து வைத்திருக்கும் யார்டுகளில் ஏறி இறங்கினார். ஒன்றில் இதே குடும்பத்து எஞ்சின், இருபது வருடம் பிந்திப் பிறந்தது, இன்ஜெக்‌ஷனோடு கிடந்தது. "தம்பியின்ர சட்டையைத் தமையனுக்குப் போடப்போறம், அவ்வளவுதான்," என்று கமலினியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு கனவு மாதிரித்தான் நினைவில் நிற்கிறது. சில்லு இல்லாத கார்கள் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. வரிசைகளுக்கு நடுவே மஞ்சள் பூக்கள் முழங்கால் உயரத்துக்கு. ஒரு காருக்குள் குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து, இன்னொன்றில் முன்கண்ணாடியில் ஒட்டிய பிள்ளையார். யாரும் எங்கும் போகாத இடம்; நேரத்துக்குக்கூட அங்கே அவசரமில்லை. யாரோ கழற்றிப்போட்ட சீற்றில் இருந்து அவள் வெயில் காய்ந்தாள். கண் செருகும் நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"இஞ்சரும், ஒருக்கா வாரும். என்ர கை போகுதில்ல. உம்மட கை சின்னன்."

அவள் வளையலைக் கழற்றிவிட்டு, முழங்கைவரை எஞ்சினுக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்த போல்டை விரலால் தேடிப் பிடித்து, திருகித் திருகி, வெளியே எடுத்தபோது இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். அன்று வீடு வரும்வரை அவர் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

எல்லாவற்றையும் பூட்டியாயிற்று. புதிய பம்பு, புதிய குழாய், வயர்க்கட்டு, கணினிப் பெட்டி. ஸ்டார்ட் மட்டும் வரவில்லை. ஸ்பார்க் இருக்கிறது, பம்பு ஓடுகிறது, ஃபியூஸ் எல்லாம் உயிரோடு இருக்கிறது. எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி பூட்டினார். வாரக்கணக்காகத் தலைகீழாக நின்றார். விசில் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த காரைத் தன்னுடைய ஒரு சொல் கொன்றுவிட்டது என்று கமலினிக்குப் பட்டது.

புட்டைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அவர் குழம்பை ஊற்றாமலே பிசைந்துகொண்டிருந்தார்.

"நாலு மணிக்குப் பாஸ்கர் வாறான். ட்ரெய்லர் கொண்டுவாறானாம்."

"இண்டைக்கோ?"

"ஓம். அதுக்கிடையில ஸ்டார்ட் வராட்டி நீ எடு எண்டு சொல்லிப்போட்டன். எத்தினை நாளைக்குக் கட்டி அழுறது?"

பாஸ்கர் அடுத்த தெருவில் இருக்கும் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பிள்ளை. காரைக் கண்டால் ஒரு தடவையாவது தடவாமல் போகமாட்டான். "எஞ்சினைத் தூக்கிட்டு பேட்டரி வெச்சிட்டா சத்தமே இருக்காதுண்ணே," என்று அவன் ஆசையாகச் சொன்ன அன்று கேதீஸ்வரனின் முகம் போன போக்கைக் கமலினி பார்த்திருக்கிறாள்.

"மணம் எண்டு நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்," என்றாள்.

"நீர் சொன்னதில என்ன பிழை? நான்தான் கெடுத்துப்போட்டன்." தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவள் கராஜுக்குப் போனாள். உருட்டுக் கதவு திறந்திருந்தது. மாலை வெயில் உள்ளே வந்து பொனெட்டில் படுத்திருந்தது. மணம் போனால் ஏறுவதாகச் சொன்னாள்தானே, கார் போவதற்கு முன் ஒருதடவையாவது ஏறி இருப்போம் என்று நினைத்தாள். இடப்பக்கக் கதவு சுவரோடு ஒட்டி நின்றது. ஆகவே டிரைவர் பக்கத்தால் ஏறினாள். அந்தக்கால வாங்கு மாதிரி ஒரே நீளச் சீற்று. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிச் சம்மணம் கட்டி வசதியாக இருந்தாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். சீற்றின் தோல், சவர்க்காரம், கொஞ்சம் தூசி. வேறொன்றும் இல்லை. மனிசன் உண்மையிலேயே அதை இல்லாமலாக்கிவிட்டார். முன்கண்ணாடிக்கு அப்பால் தெரு நீளமாகக் கிடந்தது. அப்படியே நீண்டுபோய்க் கடலைத் தொட்டு, கடலோரமாகவே வளைந்து வளைந்து வினுஷாவின் வாசலில் முடியும் என்று தோன்றியது. அழுகை வந்தது. பாஸ்கர் இந்த எஞ்சினைத் தூக்கிவிட்டால் இனி அந்தக் கறகறச் சத்தம்கூட இல்லை. ஒருக்கா கேட்போம். அவள் சாவியைத் திருப்பினாள்.

கராஜ் அதிர்ந்தது. எட்டு சிலிண்டரும் ஒன்றாகக் குரலெடுத்ததில் தட்டிலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்ததுகூடக் கேட்கவில்லை. கமலினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். குசினிப் பக்கமிருந்து கேதீஸ்வரன் சாரத்தைக் கையில் பிடித்தபடி, காதில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார்.

"என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்ல. திருப்பினனான்."

"பெடலை எவ்வளவு அமத்தினீர்?"

"எங்க அமத்துறது? சம்மணம் கட்டிக்கொண்டெல்லோ இருக்கிறன்."

அவர் அவளுடைய முழங்கால்களைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அவள் இடப்பக்கம் நகர, ஏறி இருந்து சாவியைத் திருப்பினார். கறகறவென்று சுற்றியது. பற்றவில்லை. மறுபடி திருப்பினார். அப்போதுதான் கமலினி கீழே பார்த்தாள். ஈரம் காயாத அவருடைய வலக்கால் பெடலைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது, பெருவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு.

"காலை எடுங்கோ," என்றாள்.

"என்ன?"

"காலை எடுங்கோவன்!"

அவர் எடுத்தார். திருப்பினார். பற்றிக்கொண்டது.

அவர் குனிந்து தன்னுடைய காலையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். "எங்கயோ வாசிச்சனான், எங்களுக்குத் தேவையில்லை எண்டு விட்டுட்டன். முழுக்க அமத்தினா, எஞ்சின் பெட்ரோலில தாழுது எண்டு நினைச்சு அந்தப் பெட்டி பெட்ரோலைப் பூட்டிப்போடுமாம். நான் மிதிக்க மிதிக்க அது பாவம் பாத்து நிப்பாட்டியிருக்கு."

"நீங்கள் ஏன் மிதிச்சனீங்கள்?"

"மிதிக்கிறன் எண்டே எனக்குத் தெரியாதப்பா."

கமலினிக்குத் தலைப்பாகை கட்டிய அந்த மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். நாடு மாறி, கார் மாறி, மயிரும் நரைத்துவிட்டது. கால் மட்டும் இன்னமும் கோயிலடியில் நின்று, சில துளிப் பெட்ரோலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அவள் சிரிக்கப் பார்த்தாள். கண்ணீர்தான் வந்தது. இந்த மனிசனில் தனக்கு எவ்வளவு விருப்பம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

பாஸ்கர் ட்ரெய்லரோடு வந்து இறங்கி, திறந்த கதவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். "ஸ்டார்ட் ஆகலைன்னாதானே எனக்குன்னு சொன்னீங்க? ஆயிடுச்சே!" என்றான். முகம் கொஞ்சம் விழுந்தது, அடுத்த நிமிடமே, "யப்பா, என்னா சவுண்டுண்ணே!" என்று பொனெட்டைத் தடவினான். பிறகு ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டான்.

கேதீஸ்வரன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சாவியை அவளிடம் நீட்டினார். "நீரே ஓடும். என்ர இந்தக் காலை நம்பேலாது."

அவள் காரை வெளியே எடுத்து நிறுத்த, அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். தன்னுடைய காரில் அந்தப் பக்கம் அவர் இருந்ததேயில்லை. விருந்துக்கு வந்தவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மெல்ல உருண்டார்கள். ஒரே முகம் கொண்ட வீடுகள் இரண்டு பக்கமும் நகர்ந்தன. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளிறிய நீலத்தில் வானம் தாழ்வாக வந்து, வேர்ஹவுஸ் கூரைகளின்மேல் சாய்ந்திருந்தது. காருக்குள் எங்கிருந்தோ மெல்லிய பெட்ரோல் மணம். அவள் திடுக்கிட்டு இழுத்துப் பார்த்தாள். காரிலிருந்து இல்லை. எத்தனை தரம் கழுவியும் போகாமல் அவருடைய விரல்களில் இருந்தது. கமலினி யன்னலை இறக்கவில்லை.

பெரிய வீதியில் ஏறும் இடத்தில் சிவப்பு விழுந்தது. நின்றார்கள். எஞ்சின் ஒருமுறை குலுங்கி, செருமி, அணைந்துபோனது. சத்தமே இல்லை. பச்சை வந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தான். அவள் சாவியில் கையை வைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தாள். கேதீஸ்வரன் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூச்சுக்கூட விடாமல். கீழே, பெடல் எதுவும் இல்லாத அந்த வெறும் விரிப்பில், அவருடைய வலக்கால் இறுகித் தரைவரை அழுத்திக்கொண்டிருந்தது.

சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் சாவியைத் திருப்பினாள்.