எங்க ஆளு எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்குப் போகும் வழியில் ஜெயந்தினி தினமும் அக்காவின் வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி முடிந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

"எங்க ஆளு எப்படி?"

"நல்லா இருக்கா" என்பாள் வினோதா.

ஆள் என்றது ஈரலை. இரண்டு வருடங்களுக்கு முன் பித்தக் குழாய்கள் சுருங்கி, வினோதாவின் ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து அவள் படுத்துக் கிடந்தபோது, தங்கையின் ஈரலில் ஒரு பங்கை வெட்டி அவளுக்கு வைத்தார்கள். லிந்துலைத் தோட்டத்துக்குத் திரும்பியதும், வரிசை வீடுகளான லயமே கூடி வந்து பார்த்தது. "எனக்குத் தழும்பு, அவளுக்கு ஈரல். நல்ல யாவாரம்" என்று ஜெயந்தினி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். வினோதாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே அவள் மனதுக்குள் ஒரு சட்டம் உட்கார்ந்துவிட்டது. இனி எனக்கு நோய் வரக்கூடாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அதனால்தான் மாசி மாதம் முதன்முதலாக மலத்தோடு இரத்தம் போனபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரைச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். மோர் குடித்தாள், வெந்தயம் ஊறவைத்துத் தின்றாள். இரத்தம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. அடிவயிற்றைப் பிடித்துத் திருகும் வலி. வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தங்கச்சி கொடுத்ததை என் உடம்பு வெளியே தள்ளுகிறது, வேறென்ன? கணவன் கொழும்பில் கடையில் வேலை. போனில் கேட்டால் அவனுக்கும் அதே பதில்தான். நல்லா இருக்கேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்ப் பீலியடியில் அவள் ஊறவைத்திருந்த இரத்தக் கறைத் துணியை ஜெயந்தினி பார்த்துவிட்டாள்.

"தூரமா அக்கா?"

மாதவிலக்குத்தான் என்பதுபோல் வினோதா தலையை ஆட்டினாள். எவ்வளவு எளிதாகப் போயிற்று! பொய்யை அவள் தேடவில்லை, தங்கையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"பரவால்ல. பால்குடத்தன்னைக்கித் தலைக்கு ஊத்திட்டு வந்து காப்புக் கட்டிக்கலாம்னு பூசாரி சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் சேந்துதானே நேந்துக்கிட்டோம்."

ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு நேர்ந்தது அது. பிழைத்து வந்தால் இரண்டு பேரும் பால்குடம் எடுக்கிறோம், தாயே.

ஒன்பதாம் நாள் காலை ஜெயந்தினி மஞ்சள் சேலை கட்டி, குங்குமம் வைத்து, இரண்டு குடங்களோடு வந்தாள். வினோதா விடிந்ததிலிருந்து ஐந்து தடவை கொல்லைக்குப் போய் வந்திருந்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு இரண்டு மணி நேர நடை. தலையில் அம்மனுக்கான பால். நடுவழியில் உடம்பு அடங்காமல் போய்விட்டால்?

"நீ போடி. எனக்கு தூரம்."

ஜெயந்தினி குடங்களைக் கீழே வைத்தாள்.

"ஒம்போது நாளுக்குள்ள ரெண்டாவதா?"

வினோதா சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, என்னயப் பாரு. எங்கேருந்து ரத்தம் போவுது?"

எங்கோ தூரத்தில் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வினோதாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது, பேச்சு பிறகு. மூன்று மாதத்தையும் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"நீ குடுத்தத நான் வீணாக்கிட்டேன் புள்ள."

"வீணாக்குனியா? திருப்பிக் கேக்கப் போறேன்னு நெனச்சியா நீ?" ஜெயந்தினிக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "தெனம் காலையில வாசல்ல நின்னு பைத்தியக்காரி மாதிரி கேட்டேனே! அது ஈரலயா கேட்டேன்? ஒன்னயத்தான்டி கேட்டேன்!"

அக்காவை அவள் டி போட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா வந்து, "ஊர்வலம் பொறப்படுது, என்னா ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"நீங்க போங்க மதினி. அடுத்த வருசம் வர்றோம்னு ஆத்தாகிட்ட சொல்லிருங்க. ஒண்ணா நேந்தத ஒத்தையில எடுக்க மாட்டேன்" என்றாள் ஜெயந்தினி.

திங்கட்கிழமையே ஈரல் கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் ரினோஸா இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். "ஈரல் நல்லா வேலை செய்யுது" என்றார் முதலில். ஜெயந்தினி பெருமூச்சு விட்டாள். வினோதா நம்பாமல், திரும்பவும் சொல்லுங்கள் என்பதுபோல் அவரையே பார்த்தாள்.

"கோளாறு குடல்ல இருக்கிற மாதிரித் தெரியுது. உங்களுக்கு முந்தி வந்த அந்தப் பித்தக் குழாய் வருத்தம் இருக்கே, அது வந்தவங்க கொஞ்சப் பேருக்குப் பெருங்குடல்லயும் புண் வரும். ஈரல் மாத்தின பிறகும் வரலாம். நீங்க செஞ்ச பிழை ஒண்ணுமில்ல. குடலுக்குள்ள கமெரா விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். மருந்து இருக்கு. ஆனா மறைக்கிறதுக்கு மருந்து இல்ல."

கமெராப் பரிசோதனைக்கு முந்தின நாள் ஜெயந்தினி வேலைக்குப் பேர் போடவில்லை. குடலைச் சுத்தமாக்கும் தூளை இரண்டு லீட்டர் தண்ணீரில் கலக்கி, கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்தாள். உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரை வினோதா முகம் சுளித்துக் குடித்தாள். மத்தியானம் மழை பிடித்தது. கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், இருபதடி தள்ளி, நாலு வீட்டுக்குப் பொது. இன்றைக்கு இது எங்களுக்கு என்று வரிசையிலிருந்த வீடுகளுக்கெல்லாம் ஜெயந்தினி சொல்லி வைத்திருந்தாள். குடையும் வாளியுமாக அவளே கதவுக்கு வெளியே நின்றாள்.

"நீ உள்ள போடி, நனையிற" என்றாள் வினோதா உள்ளிருந்து.

"பேசாம ஒன் வேலயப் பாரு."

தகரக் கூரையின் ஓட்டை வழியாக வினோதாவின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். மூன்று மாதமாக அவளை ஆட்டிப்படைத்த வெட்கம், கதவுக்கு அந்தப் பக்கம் தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தத்தில் எங்கேயோ ஒதுங்கிக்கொண்டது.

"எங்க ஆளு எப்படி?"

வாய் பழக்கத்தில் பதிலுக்குத் திறந்தது. மூடிக்கொண்டாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள்.

"ஆளு நல்லாத்தான் இருக்கா. வீடுதான் ஒழுகுது."

வெளியே ஜெயந்தினி சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே அழுததும் கேட்டது.

"லயத்துல ஒழுகாத வீடு எது அக்கா? வாளி வெச்சிக்கிட்டு நாம இருந்துக்கலியா?"

கதவு கொஞ்சம் திறந்தது. சுடுதண்ணீர் வாளியோடு ஒரு கை உள்ளே நீண்டது.