கை கழுவும் இடம்

மகள் படிப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்கு நான் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூறு. தொற்றுக் காலத்தில் குழாய் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை, கட்ட முடியவில்லை. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது என்றதும் சோறு இறங்கவில்லை. பாக்கிக்காரன் பிள்ளையைக் கைகழுவி விடுவார்களோ?

பள்ளியை நடத்தும் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகள் கை கழுவிவிட்டு உள்ளே போக, வாசலில் ஆறடிக்கு ஒன்றாகக் குழாய்கள் வைக்கச் சொன்னார். பாக்கியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாலு நாளில் முடித்தேன். சுவரில் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: ‘இங்கே கை கழுவவும்.’

டீச்சரம்மா வந்து பார்த்தார்.

“ழவுக்கு வால் கொஞ்சம் நீளமாப் போச்சே அண்ணே.”

“வரப்போறது பூரா வாலுங்கதானே டீச்சர்.”

சிரித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் நானே கேட்டேன். “அந்தப் பாக்கி...”

“பாக்கியில பாதிக்குமேல உங்க கூலியில கழிஞ்சுபோச்சு.”

“மீதி?”

அவர் புதுக் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, நிதானமாகத் தேய்த்துக் கழுவினார்.

“அதை இப்பத்தான் கைகழுவினேன். திங்கக்கிழமை பாப்பாவுக்கு மாஸ்க் போட்டு அனுப்புங்க.”

நாலு நாளாகக் காணாமல் போயிருந்த பசி எனக்கு அப்போதுதான் எடுத்தது.